ஒரு சிம் போதும்

அந்தக் கடைக்குப் போகாதீர்கள் சார், உட்காருங்கள். ஏர்போர்ட்டில் விற்கிற சிம்முக்கு எப்போதும் கூடத்தான் கேட்பார்கள். நீங்கள் பாலிக்குப் போகிறவர். மூன்று பேர், மூன்று போன், அதற்காக மூன்று சிம்மா? உங்கள் வீட்டம்மா சொன்னதைக் கேட்டபோதே எனக்கு வயிறு எரிந்தது. அவர்களும் மகளும் காபி வாங்கிக்கொண்டு மெதுவாக வரட்டும். அதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். எனக்கும் நேரம் இருக்கிறது. எங்கள் விமானத்தின் கவுண்டரை மூட இன்னும் நேரம் இருக்கிறது.

நான் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே பேசுவேன், தப்பாக நினைக்காதீர்கள். என் மனைவி வர வேண்டும். வந்துவிடுவாள். அவள் பாஸ்போர்ட் என் இடுப்புப் பையில் இருக்கிறது. வராமல் எங்கே போவாள்?

என் பெயர் சிவஞானம். பாளையங்கோட்டை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். நெல்லும் உளுந்தும் எடை போடுகிற இடம். தராசு முள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் எனக்குச் சோறு இறங்காது. அந்த புத்தியோடுதான் வெளிநாட்டுக்கும் வந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சிங்கப்பூரில் இறங்கியதும் பேரனுக்கு வீடியோ காலில் விமான நிலையத்தைச் சுற்றிக் காட்டினார். ஊருக்குத் திரும்பி வந்து பில்லைப் பார்த்தவர் அப்படியே மெடிக்கல் லீவில் போய்விட்டார். அதைப் பார்த்தவன் நான்.

முறை எளிது. ஊரில் விமானம் ஏறும் முன்பே சிம்மைக் கழற்றிவிட வேண்டும். ரோமிங்கை அணைத்தால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். கை தவறிப் பட்டால் அது தானாக உயிர் பெற்றுவிடும். கழற்றி எடுத்துவிட்டால் பயமே இல்லை. என் சிம்மையும் கழற்றினேன், மங்கை சிம்மையும் கழற்றினேன். மங்கை என் மனைவி. மங்கையர்க்கரசி. இரண்டு சிம்மும் இதோ, பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. வாட்ஸாப் பழைய நம்பரிலேயே ஓடும், அதற்கு சிம் தேவை இல்லை, நெட் இருந்தால் போதும். இங்கே மலேசியாவில் வந்து இறங்கி, ஊருக்குள் ஒரு கடையில் ஒரே ஒரு சிம் வாங்கினேன். என் போனில் போட்டேன். அதிலிருந்து அவள் போனுக்கு ஹாட்ஸ்பாட். தீர்ந்தது செலவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு சிம் போதும் சார்.

ஹாட்ஸ்பாட்டா? எட்டும், எட்டும். நான் ஓட்டல் அறையில் இருந்து அவள் தாழ்வாரத்தில் நின்றால்கூட எட்டும். அதைத் தாண்டினால் எட்டாது. அதனால் என்ன? வெளிநாட்டில் அவள் எதற்கு என்னைத் தாண்டிப் போக வேண்டும்?

எந்நேரமும் போட்டு வைக்கக் கூடாது. பேட்டரி போய்விடும், நெட்டும் தீரும். தேவைப்படும்போது போட வேண்டும், முடிந்ததும் அணைக்க வேண்டும். 'நெட்ட கொஞ்சம் போடுதீங்களா' என்பாள். 'எதுக்கு?' என்பேன். கேட்கத்தானே வேண்டும்? காரணம் சொன்னால் போட்டுவிடப் போகிறேன். முதலில் எல்லாம் சொன்னாள். அக்கா மகளுக்குக் காய்ச்சல், கேட்க வேண்டும் என்பாள். போடுவேன். பக்கத்திலேயே இருந்து, பேசி முடித்ததும் அணைப்பேன். போகப்போகக் கேட்பதையே குறைத்துக்கொண்டாள். சிக்கனம் அவளுக்கும் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அது அவளா? இல்லை. சேலை நிறம் ஒன்றுபோல இருந்தது. நடை வேறு.

கேட்கிறீர்கள், சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை. நேற்றுக் காலையில் அவள் ரயில் மாறி ஏறிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். பெரிய ஸ்டேஷன், ஒரே பிளாட்பாரத்தில் பல ஊர் ரயில் வருகிறது, அறிவிப்பெல்லாம் மலாயில். யாருக்கும் நடக்கும். ஆனால் மாறி ஏறிய ரயில் போய் நின்ற இடம்தான் சிக்கல். கிள்ளான்.

கிள்ளானில் அவள் தம்பி இருக்கிறான். குற்றாலநாதன். குற்றாலம் என்று கூப்பிடுவோம். வாலிபத்தில் இங்கே சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்கு வந்தவன். இங்கேயே பெண் கட்டி, இப்போது சொந்தக் கடை. நல்ல பிழைப்பு. நான் குறை சொல்லவில்லை. அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

போன வருடம் அவன் மூத்த மகளுக்குக் கல்யாணம். மங்கைக்கு உடன்பிறந்த ஆண் அவன் ஒருவன்தான். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. எனக்கு எப்படி அழைப்பு வர வேண்டும்? நேரில் வந்து தாம்பூலம் வைக்க வேண்டும். சரி, கடல் தாண்டி இருக்கிறான், வர முடியாது. ஒரு போன் பண்ணி, 'அத்தான், நீங்கதான் முன்ன நிக்கணும்' என்று ஒரு வார்த்தை? அதுவும் கிடையாது. பத்திரிகையைப் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட்டான். குரூப்பில், சார்! காணாமல் போன ஆட்டுக்குட்டிக்கு ஊரில் போடுவார்களே, அந்த மாதிரி. அத்தனை பேரும் கை கூப்பும் பொம்மை போட்டார்கள். நான் போடவில்லை.

ஒரு போனுக்கு எத்தனை காசு ஆகிவிடும்? மனுஷனுக்கு மரியாதை முக்கியமா, காசு முக்கியமா? சொல்லுங்கள்.

போகவில்லை. நானும் போகவில்லை, அவளையும் அனுப்பவில்லை. அன்றைக்கு அவள் அதை போனில் நேரலையாகப் பார்த்தாள். அத்தை நிற்க வேண்டிய இடத்தில் யாரோ பக்கத்து வீட்டம்மா நின்றாளாம். சொன்னாள். 'அதான் பாத்துட்டியே, நேர்ல போயிருந்தா மட்டும் என்ன?' என்றேன். அன்று ரசத்தில் உப்பு இல்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அவனுடைய அழைப்பை நான் எடுக்கவில்லையோ என்று நீங்கள் நினைக்கலாம். அவன் பெயர் என் போனில் வந்ததே இல்லை. நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பவன், நானும் பதிந்து வைக்கவில்லை. அந்த மாதத்தில் வந்ததெல்லாம் மோசடி அழைப்புகள்தான். தெரியாத வெளிநாட்டு நம்பர், பிளஸ் அறுபது என்று தொடங்கும். எடுத்தால் பேங்கில் இருப்பது போய்விடும் என்று பேப்பரில் போட்டிருந்தான். ஒவ்வொன்றாகத் தடை செய்துவிட்டேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

என்ன சார்? ஒன்றும் இல்லையா? ஏதோ சொல்ல வந்தீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு இந்த டூர். டெல்லி, ஊட்டி என்று எதைச் சொன்னாலும் முழங்கால் வலி என்று மறுக்கிறவள், மலேசியா என்றதும் ஒரே பேச்சில் சரி என்றாள். பத்துமலை முருகனைப் பார்க்க ஆசை போல என்று நினைத்துக்கொண்டேன். வந்து இறங்கிய நாளிலிருந்து ஜன்னல் பக்கமே உட்கார்ந்து சாலையில் வருகிற ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள்.

நேற்று டூர்க்காரர்கள் எங்களை எங்கள் விருப்பத்துக்கு விட்ட நாள். மற்றவர்கள் கடைகளுக்குப் போனார்கள். நான் பத்துமலைக்கு இன்னொரு தடவை ரயிலில் போய்வரலாம் என்று திட்டம் போட்டேன். டூர் பஸ்ஸில் போனபோது அவசரப்படுத்திவிட்டார்கள். பிளாட்பாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் ஆரம்பித்தாள்.

"இங்க இருந்து கிள்ளானுக்கு ரயில் இருக்காம். ஒரு மணி நேரம்தானாம்."

"யாரு சொன்னா?"

"ஓட்டல்ல தட்டு எடுக்க வர்ற பிள்ளை. ஒரு எட்டு போயிட்டு வந்திருவோமா?"

"அவன் வீட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன். ஒனக்கே தெரியும்."

"நீங்க மிதிக்க வேண்டாம். நான் மட்டும் மிதிச்சுட்டு வாரேன். நீங்க ஸ்டேஷன்ல இருங்க."

"ஸ்டேஷன்ல காவல் இருக்கவா மலேசியாவுக்கு வந்தேன்?"

"பின்ன எதுக்கு வந்தீங்க?" என்றாள். "வந்த நாள்ல இருந்து எதையும் வாங்கல, எதையும் திங்கல. ஒரு இளநி கேட்டேன், ஊர்ல குடிச்சுக்கலாம்னுட்டீங்க. நெட்டுக்கு நீங்க கேக்குற கேள்விக்கு, நான் ஊமையா இருந்துட்டுப் போறேன்."

பிளாட்பாரத்தில் தமிழ்க்காரர்கள் நின்றார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசினால் அவளும் பேசுவாள். அவள் போனை எடுத்து வேகமாக ஏதோ எழுத ஆரம்பித்தாள். யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? ஓட்டலில் காலையில் போட்ட ஹாட்ஸ்பாட் அணைக்காமல் கிடந்தது. பேட்டரி பாதிக்குக் கீழே போய்விட்டது. அணைத்தேன். பேட்டரிக்காகத்தான் அணைத்தேன் சார். அவள் எழுதியதை நிறுத்தி, போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பிளாட்பாரத்திலேயே ஒரு தண்ணீர் இயந்திரம் இருந்தது. அதில் விலை கூட. மாடியில் கடை இருக்கிறது, குறைவாக இருக்கும் என்று ஏறிப் போனேன். வரிசை நின்றது. பாட்டிலை வாங்கிக்கொண்டு படியில் இறங்கும்போது ஒரு ரயில் வந்து நின்றிருந்தது. பெஞ்சில் அவள் இல்லை.

பெண்களுக்கென்று நடுவில் ஒரு பெட்டி இருக்கும், ரோஸ் நிறத்தில் எழுதியிருக்கும். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "மங்க, எறங்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கதவு சத்தம் போட்டது. என்னைப் பார்த்தாள். நான் கையால் இறங்கு இறங்கு என்று காட்டுகிறேன். அவளோ எழுந்திருக்கவில்லை. பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். கதவு மூடிவிட்டது. ரயில் நகர்ந்தபோதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. ரொம்ப அதிர்ச்சியானால் அப்படித்தான் இருக்குமாம், எங்கோ படித்திருக்கிறேன்.

ரயில் போன பிறகுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. மொழி தெரியாத ஊர். கையில் சில்லறை தவிரக் காசு இல்லை. டிக்கெட் பத்துமலைக்கு. பிடித்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். முதலில் கை போனைத்தான் எடுத்தது. கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. 'அழைக்கிறது' என்று மட்டும் காட்டியது. அடிக்காது. அவளுக்கு நெட்டே நான்தானே.

அங்கே ஒரு காவலாளி நின்றார். சட்டையில் தேவராஜூ என்று பெயர். தமிழர்தான். அவரிடம் ஓடினேன்.

"பயப்படாதீங்க ஐயா. அம்மா நம்பரச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"அடிச்சா போகாது. போன்ல சிம் இல்ல."

"சிம் எங்க?"

பர்ஸைத் திறந்து காட்டினேன்.

"சரி. காசு வச்சிருக்காங்களா?"

"கொஞ்சம் சில்லற இருக்கும்."

"பாஸ்போர்ட்?"

இடுப்புப் பையைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப கையில என்னதான் ஐயா வச்சிருக்காங்க?"

"போன் இருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். வாக்கிடாக்கியில் மலாயில் பேசினார். ஊதாச் சேலை, கண்ணாடி போட்ட அம்மா, தனியாக இருப்பார் என்று சொல்கிறார் என்று தெரிந்தது. அடுத்த ஸ்டேஷனில் பார்க்கச் சொன்னார். அங்கே இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. "எங்கயாச்சும் எறங்கித் திரும்பி வந்துருவாங்க, நீங்க எடத்த விட்டு நகராதீங்க" என்றார். எதிர்ப் பக்கத்தில் வந்த ஒவ்வொரு ரயிலிலும் அந்த ரோஸ் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். இறங்குகிற பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். கையில் தண்ணீர் பாட்டில். திறக்கவில்லை. அவள் கேட்டது, நான் எப்படிக் குடிப்பேன்?

பொறுங்கள். அங்கே ஒரு டாக்ஸி வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள்... இல்லை, சீனர்கள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்போது போன் அடித்தது. அவள்தான். ஒரே ஒரு மணி. எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மிஸ்டு காலுக்கு ஒரு கணக்கு உண்டு. கல்யாணமான புதிதில் போன் வந்த காலத்திலிருந்தே நான் ஏற்படுத்தியது. ஒரு மணி அடித்து நின்றால், போய்ச் சேர்ந்துவிட்டேன், நீ கூப்பிட வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு தடவை அடித்து நின்றால், நீ கூப்பிடு என்று அர்த்தம். ஊருக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, ஒரு காசு செலவில்லாமல் சேதி வந்துவிடும். இப்போது பேசுவதெல்லாம் சும்மா கிடைக்கிறது, யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அவளுக்கு அது கையில் ஊறிவிட்டது.

ஒரு மணி. போய்ச் சேர்ந்துவிட்டேன், கூப்பிட வேண்டாம்.

நான் இரண்டாவது மணிக்காகக் காத்திருந்தேன். முதல் மணிக்குப் பிறகு எங்கேயோ நெட் விட்டுப் போயிருக்கும், மறுபடி அடிப்பாள் என்று போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. வாட்ஸாப்பைத் திறந்தால் அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று இருக்கிறது. பச்சைப் புள்ளி போல என் கண்ணுக்கு நேரே இருக்கிறாள் சார். நான் கூப்பிட்டேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அதேதான். என்னைத் தவிர யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு நேரம் அவள் போனில் பேசி நான் பார்த்ததே இல்லை. அப்படி என்ன பேசுவாள் என்று யோசித்தேன். பக்கத்தில் நான் இல்லாதபோது அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

பிறகு ஒரு பிளஸ் அறுபது நம்பர் அடித்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தேவராஜூதான், "எடுங்க ஐயா, இந்த ஊரு நம்பர்தான், ஏன் பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்றார். எடுத்தேன்.

"அத்தான், நான் குற்றாலம். அக்கா இங்கதான் இருக்கு, பயப்படாதீங்க."

கோபமா வேறு ஏதாவதா தெரியாது. "எப்படி வந்தா?" என்றேன்.

"ரயில்லதான். கூடப் போன தூரத்துக்குக் காசக் கட்டிட்டு வெளிய வந்து, ஒரு கடையில வைஃபை கேட்டு வாங்கி என்னக் கூப்பிட்டுச்சு. நான் போய் கூட்டிட்டு வந்தேன். இப்ப என் மருமகன் கூட வீடியோவுல பேசிட்டு இருக்கு. அத்தான், நீங்களும் வாங்க. ஒங்களுக்கு வண்டி அனுப்பட்டா?"

"நான் டூர்ல வந்திருக்கேன். விருந்துக்கு வரல."

"அப்படிச் சொல்லாதீங்க. கல்யாணத்துக்குத்தான் வரல. எத்தன தடவ போன் போட்டேன், ஒரு தடவகூட எடுக்கலியே நீங்க. அப்புறம்தான் வேற வழியில்லாம குரூப்புல போட்டேன்."

"பொய் சொல்லாத மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பொய்தானே சார்? அவன் பெயர் என் போனில் வரவே இல்லை என்று உங்களிடம் முன்னமே சொன்னேனே. ராத்திரி ஓட்டலில் தூக்கம் வரவில்லை. இந்த ஊர் நம்பர் எல்லாமே பிளஸ் அறுபதுதான் என்பது அப்போதுதான் மனதில் தட்டியது. நான் வாங்கிய சிம்கூட அதுதான். ஆனால் உலகத்தில் மோசடிக்காரனும் இருக்கிறான் அல்லவா? எல்லாம் குற்றாலமாகவா இருக்கும்? ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது என் தப்பா? எடுக்காதவனுக்குத் திரும்பத் திரும்பப் போடுகிறவன், நான் இன்னார் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாமே? குரூப்பில் எழுதினானே, அதுதானோ அந்த வரி? அப்படியும் நினைத்துப் பார்த்தேன். எனக்கு எதையும் பாதியில் விட முடிவதில்லை, எடை போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ரயிலின் நெற்றியில் கிள்ளான் என்று ஓடிக்கொண்டிருந்தது. பெரிய எழுத்து. அவள் பி.காம். படித்தவள். பதற்றத்தில் கவனித்திருக்க மாட்டாள் என்றுதான் நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் செய்தி அனுப்பினேன். 'மதியம் விமானம். பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. நேராக ஏர்போர்ட்டுக்கு வந்துவிடு.' இரண்டு டிக் விழுந்தது. நீலமாகவும் ஆயிற்று. பதில் இல்லை. டூர் மேனேஜர் கேட்டார், மேடம் எங்கே என்று. சொந்தக்காரர் வீட்டிலிருந்து நேராக வருவாள் என்றேன். அவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நான் உள்ளே போகவில்லை. போனால் அவள் பாஸ்போர்ட்டும் என்னோடு உள்ளே போய்விடும்.

எழுந்து போய் அழைத்து வா என்கிறீர்கள். உங்களுக்கு எளிது. அவள் தனியாகப் போனாள், தனியாக வர வேண்டியதுதானே? நான் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய் நின்றால், ஒரு வருடம் நான் பிடித்துக்கொண்டிருந்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். டிக்கெட்டும் போகும். திருப்பித் தர மாட்டார்கள், கேட்டுவிட்டேன். கேட்டேன், ஆமாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ஒரு நிமிடம் சார். போன். அவள்தான். எழுதவில்லை, பேசி அனுப்பியிருக்கிறாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அனுப்பியதே இல்லை. சத்தமாக வைக்கிறேன், இந்த இரைச்சலில் ஒன்றும் கேட்காது. நீங்களும் கேளுங்கள், பரவாயில்லை.

"நான்தான். ஏர்போர்ட்டுக்கு நான் வரல. நீங்க போறதுன்னா போங்க, பாஸ்போர்ட்ட அந்த டூர் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்க, தம்பி போய் வாங்கிக்கிடுவான். நான் கோவத்துல சொல்லல. நேத்து அந்தக் கதவு மூடுறதுக்கு முன்னால எறங்கியிருக்கலாம். எறங்கல. எறங்கினா பத்துமலைக்குப் போயிட்டு, ஊருக்குப் போயிட்டு, அப்புறம் தம்பிய எப்பப் பாக்க? ரெண்டு பேருல யாரு பொணமானா பாக்க? கல்யாணத்துக்குப் பெறவு எங்க அப்பா வீட்டுக்கு வந்துதான என்னயக் கூட்டிட்டுப் போனீங்க. அப்பா இல்ல. எனக்கு இதுதான் இப்ப பொறந்த வீடு. இங்க வந்து கூப்பிடுங்க, வாரேன். ஏர்போர்ட்டுல நின்னு கூப்பிட்டா வர மாட்டேன். அப்புறம், காலைல மாத்திர போட்டீங்களா? போட்டிருக்க மாட்டீங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

போடவில்லை. எப்படித் தெரிந்தது அவளுக்கு?

அதோ, எங்கள் கவுண்டரில் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கை காட்டுகிறாள். இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று. என்ன சொல்வது சார்? அவளிடம் என்ன சொல்வது? இல்லை என்று தலையாட்டுங்கள், நீங்கள் ஆட்டுங்கள். எனக்குக் கழுத்து திரும்பவில்லை.

ஆட்டிவிட்டீர்களா? சரி.

அவளை அழைத்து வரப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நேற்றிலிருந்து அதே சேலையில் இருக்கிறாள். மாற்றுச் சேலை எல்லாம் என்னிடம் இருக்கிறது. தம்பி மனைவியின் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் விமானம் ஏற வேண்டுமா? கொடுத்துவிட்டு, பேசிவிட்டு, வேறு டிக்கெட் பார்க்க வேண்டியதுதான். ஒரு முழு டிக்கெட் சார். இரண்டு. என்ன செய்வது?

டாக்ஸிக்காரனிடம் எந்த இடம் என்று சொல்ல வேண்டும். கிள்ளானில் எங்கே? அவன் வீடு எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. இருங்கள், நேற்று வந்த அந்த நம்பருக்கு அடிக்கிறேன்.

"அலோ... குற்றாலமா? நான்தான். அத்தான்... ஆமா, ஏர்போர்ட்லதான்... இல்ல, போகல. வண்டில்லாம் அனுப்பாத, நானே வாரேன். ஒன் வீட்டுக்கு எப்படி வரணும்? தெருப் பேரச் சொல்லு... மெதுவாச் சொல்லு... சரி, சரி. மாப்ள, ஒண்ணு கேக்கணும். நான் உள்ள வரணுமா, இல்ல வாசல்ல நின்னு கூப்பிட்டாப் போதுமான்னு ஒங்க அக்காகிட்ட கேளு."

கேட்கப் போயிருக்கிறான் சார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறான். பாத்திரச் சத்தம் கேட்கிறது.

இருங்கள். அவள் குரல்.